கதவுகள் மூடப்படும் வாரங்கள்: பராமரிப்பு இல்லத்து முதியவர்களின் உறவுகளை அறுபடாமல் வைத்திருத்தல்

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியிலுள்ள நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் நான் செயற்பாட்டு உதவியாளராக வேலை செய்கிறேன். முதியவர்களைப் பாட்டுக்கும் பிங்கோவுக்கும் உடற்பயிற்சிக்கும் கூட்டிச் சேர்ப்பது, பிள்ளைகளோடு தொலைபேசியில் இணைத்துவிடுவது, பேச்சுத்துணை இல்லாதவருக்குப் பேச்சுத்துணையாக இருப்பது ஆகியவை என் பொறுப்பு. தொற்றுநோய் பரவத் தொடங்கினால் இல்லத்தில் முதலில் நிறுத்தப்படுவதும் இந்த வேலைதான். கோவிட் காலத்தையும், அதன்பின் குளிர்காலந்தோறும் வந்துபோகும் இன்புளுவென்சா, ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸ், நோரோ வைரஸ் ஆகியவற்றின் பரவல்களையும் உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில், அந்த வாரங்களில் முதியவர்களின் உறவுகளைக் காப்பதற்கு எது கைகொடுத்தது, எது வெறும் தோற்றமாக நின்றது என்பதை இங்கே எழுதுகிறேன். பெற்றோரை இத்தகைய இல்லங்களில் வைத்திருப்பவர்களையும், என்னைப்போல் அங்கு வேலை செய்பவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு தளத்தில் அவுட்பிரேக், அதாவது தொற்றுப் பரவல், அறிவிக்கப்பட்டால் உள்ளே என்ன நடக்கும் என்பது வெளியில் இருப்பவர்களுக்கு முழுதாகத் தெரிவதில்லை. ஒரே பிரிவில் ஓரிரு நாட்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே விதமான அறிகுறிகள் தோன்றினால் இல்லம் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். பரவல் உறுதியானதும் சாப்பாட்டு அறை மூடப்படும். உணவு தட்டில் வைத்து அறைக்கே கொண்டுவரப்படும். குழு நிகழ்ச்சிகள் நிற்கும். முடிதிருத்துபவரும் தொண்டர்களும் வரமாட்டார்கள். நோயுற்றவரின் கதவில் எச்சரிக்கைத் தாள் ஒட்டப்பட்டு, வெளியே மேலங்கி, கையுறை, முகக்கவசம் அடங்கிய சிறு தட்டுவண்டி வந்து நிற்கும். பரவல் முடிந்ததென்று அறிவிப்பதற்கான நாட்களைக் கடைசியாக நோயுற்றவரிலிருந்து எண்ணுவதால், எல்லோரும் மூச்சுவிடத் தொடங்கும் நேரத்தில் இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்தால் எண்ணிக்கை மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும். எப்போது முடியும் என்பது தெரியாமலிருப்பதே முதியவர்களை அதிகம் வாட்டுகிறது. ஒரு வாரம் என்று சொல்லிவிட்டு அது மூன்று வாரமாகும்போது அவர்கள் நம் சொல்லை நம்புவதை விட்டுவிடுகிறார்கள். ஆகையால் நான் முடிவு நாளைச் சொல்வதே இல்லை. நாளைக் காலை யார் வருவார், என்ன செய்வோம் என்பதை மட்டும் சொல்லி, அதைத் தவறாமல் நடத்துவதே போதும் என்பது என் அனுபவம்.

2020 மார்ச் நடுப்பகுதியில் ஒன்ராறியோவின் இல்லங்கள் அனைத்திலும் கதவுகள் மூடப்பட்டன. மரணத் தறுவாயில் இருப்பவர்கள், மிகக் கடுமையான நோயில் இருப்பவர்கள் ஆகியோரின் நெருங்கிய உறவினரைத் தவிர வேறெவரும் பார்க்க வர முடியவில்லை. 2003 இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று ரொறன்ரோவைத் தாக்கியபோது வேலையில் இருந்த மூத்த தாதியர்கூட, இது சில வாரங்களில் தணிந்துவிடும் என்றே முதலில் எண்ணினார்கள். ஜூன் 18 இல்தான், பரவல் இல்லாத இல்லங்களில், வெளிமுற்றத்தில் ஒருவர் மட்டும் வந்து சந்திக்கலாம் என்ற அனுமதி கிடைத்தது. இதற்கிடையில் ஏப்ரல் 22 இலிருந்து, ஊழியர் ஒருவர் ஒரே இல்லத்தில் மட்டும் வேலை செய்யலாம் என்ற மாகாண உத்தரவு நடைமுறைக்கு வந்தது. தொற்று ஓர் இல்லத்திலிருந்து இன்னோர் இல்லத்துக்குக் காவப்படுவதைத் தடுக்க அது தேவையான உத்தரவு. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இரண்டு மூன்று இடங்களில் பகுதிநேரமாக ஓடி ஓடி உழைத்து வீட்டு வாடகை கட்டிவந்த பி.எஸ்.டபிள்யூ. (முதியவர்களின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்கும் ஆதரவுப் பணியாளர்) பணியாளர்கள், அவர்களுக்குள் தமிழ்ப் பெண்களும் பலர், ஓர் இல்லத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட வேண்டியதாயிற்று. இதனால், பிள்ளைகளின் வரவு நின்றுபோன அதே மாதத்தில், நாள்தோறும் முகம் கழுவித் தலைவாரிவிட்டவர்களும் பல முதியவர்களுக்கு இல்லாமற் போனார்கள். தமிழில் கதைக்க இருந்த ஒரே ஆளை அப்படி இழந்த ஆச்சிமார் எங்கள் தளத்திலும் இருந்தார்கள்.

பராமரிப்பு இல்லங்களில் கோவிட் பரவியதை ஆராய, நீதிபதி பிராங்க் மரோக்கோ தலைமையில் அமைந்த விசாரணை ஆணைக்குழு 2021 ஏப்ரல் 30 இல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. அதற்குள் ஒன்ராறியோவின் இல்லங்களில் ஏறத்தாழ 4,000 முதியவர்களும் 11 பணியாளர்களும் கோவிட்டால் இறந்திருந்தார்கள். அந்தப் பேரிழப்பைக் கண்ட எவரும் தொற்றுத்தடுப்பை இலேசாகப் பேச முடியாது. நானும் பேசவில்லை. ஆனால் தனிமைப்படுத்தலும் உடலைத் தாக்கும் ஒன்று என்பதை அந்த மாதங்களில் தட்டுகளைத் திரும்ப எடுத்துச் சென்றவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

அறைக்குள் அடைபட்டதும் முதலில் குறைவது சாப்பாடு. முதுமை மறதிநோய் உள்ள பலர், மேசையில் எதிரே இருப்பவர் கரண்டியை எடுப்பதைப் பார்த்துத்தான் தாமும் எடுப்பார்கள். எதிரே ஒருவரும் இல்லாதபோது தட்டு அப்படியே ஆறிக் கிடக்கும். அடுத்ததாக நடை போகும். சாப்பாட்டு அறைக்குப் போய்வரும் தூரமே அவர்களுடைய அன்றாட உடற்பயிற்சி என்பதால், அது நின்ற சில வாரங்களில், கைத்தடியோடு நடந்தவர் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவார். பிறகு பகலும் இரவும் மாறிப்போகும். மொழியின் நிலை இன்னும் கடினமானது. பல ஆண்டுகள் இங்கே வாழ்ந்து, கடையிலும் வங்கியிலும் ஆங்கிலத்தில் சமாளித்தவர்கள்கூட, மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழியை முதலில் இழந்து, ஊரில் பேசிய தமிழுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அத்தகைய ஒருவரிடம் முகக்கவசமும் முகத்தடுப்பும் அணிந்த ஒருவர் வந்து ஆங்கிலத்தில் உரத்துப் பேசினால், அவருக்குக் கேட்பது அதட்டல் மட்டுமே.

முகம் மறைந்துபோவதற்கு ஓர் எளிய பரிகாரம் உண்டு. 2014 இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியதைத் தொடர்ந்து, மேரி பெத் ஹெஃபர்னன் என்ற அமெரிக்கக் கலைஞர் லைபீரியாவுக்குச் சென்று, பாதுகாப்பு உடைக்குள் மறைந்திருந்த மருத்துவப் பணியாளர்களின் சிரித்த முகங்களைப் படமெடுத்து, அவற்றை அந்த உடையின் மேலேயே ஒட்டச் செய்தார். கோவிட் வந்தபோது பல இடங்களில் இந்த வழக்கம் மீண்டும் உயிர்பெற்றது. எங்கள் தளத்தில் படத்தின் கீழே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினோம். தமிழ் முதியவர்களிடம் போகிறவர்கள் தமிழ் எழுத்திலும் எழுதினார்கள். செலவு அநேகமாக ஒன்றுமில்லை. இதனோடு வேறு சில பழக்கங்களும் சேர வேண்டும்: வாசலிலேயே நின்று பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போவது, கண்மட்டத்துக்குக் குனிந்து கதைப்பது, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கதைப்பது. காது கேட்கும் கருவியின் மின்கலம் வேலை செய்கிறதா என்று காலையில் ஒருமுறை பார்ப்பதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பரவல் நாட்களில் பணியாளர் பற்றாக்குறை ஏற்பட்டால் முதலில் மறக்கப்படும் வேலை அந்த மின்கலம்தான். கருவி இல்லாதவருக்கு, ஹெட்போனோடு வரும் சிறிய ஒலிபெருக்கிக் கருவி ஒன்றை வாங்கி வைத்தால் முகக்கவசத்துக்குள்ளிருந்து வரும் குரலும் தெளிவாகக் கேட்கும். இதை மலிவான பொருள் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒரு டப்லெட்டின் (கையடக்கத் தொடுதிரைக் கணினியின்) விலையோடு ஒப்பிட்டால் இதையே நான் முதலில் வாங்கச் சொல்வேன்.

டப்லெட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோவிட் வந்த ஆண்டில் எல்லோருடைய நம்பிக்கையும் அவற்றின் மேல்தான் இருந்தது. நன்கொடையாகப் பெட்டி பெட்டியாக வந்தன. செய்திகளில் படங்கள் வந்தன. பெட்டிக்குள்ளேயே கிடந்தவையும் உண்டு. காணொளி அழைப்புக்கு ஒரு கை வேண்டும்: எடுத்துக்கொண்டுபோக, மின்னூட்ட, பிடித்திருக்க, அழைப்பு முடிந்ததும் துடைத்துச் சுத்தம் செய்ய. அந்தக் கைக்கு நேரம் ஒதுக்கப்படாத இடத்தில் கருவி வெறும் கண்ணாடித் துண்டுதான்.

அழைப்பு நடக்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. கருவியை மடியில் வைத்தால் பிள்ளைகளுக்குத் தெரிவது தாயின் தாடையும் கூரையும் மட்டும். தாய்க்குத் தெரிவது விளக்கின் பளபளப்பு. கட்டில் மேசையில் ஒரு தாங்கி வைத்துக் கண்மட்டத்தில் நிறுத்த வேண்டும். மறுமுனையில் இருப்பவர் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரக்கூடாது. வெளிச்சம் அவருடைய முகத்தில் விழ வேண்டும். எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம்: இலண்டனிலிருந்து ஒரு மகன், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தங்கை, பாரிஸிலிருந்து பேரப்பிள்ளைகள் என்று எல்லோரையும் ஒரே திரையில் கூட்டிவிடுவார்கள். அன்பில் செய்வதுதான், ஆனால் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் ஆறேழு முகங்கள் ஒரே நேரத்தில் "அம்மா, தெரியுதோ? அம்மா, ஆர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டால் அந்த அம்மா குழம்பி அழுதுவிடுவார். ஒரு நேரத்தில் ஒருவர், அதிகம் போனால் இருவர் போதும். பரீட்சை வைப்பதுபோல் "நான் ஆர்?" என்று கேட்கவே கூடாது, "அம்மா, நான் உங்கட மூத்த மகள் கதைக்கிறன்" என்று தானே சொல்லித் தொடங்க வேண்டும். மறதிநோய் உள்ளவர்களுக்கு மாலை நேரம் அமைதியின்மை கூடும் என்பதால் காலையே நல்லது. குளிர்காலத்தில் இங்கே காலை 9 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் இரவு 7.30, ஊரிலுள்ளவர்கள் வேலை முடித்து வீட்டில் இருக்கும் நேரம் என்பதால் இரு பக்கத்துக்கும் பொருந்தும்.

எல்லோருக்கும் காணொளி ஒத்துவராது. திரைக்குப் பின்னால் மகன் ஒளிந்திருக்கிறாரோ என்று கருவியைத் திருப்பிப் பார்த்தவர்களை நான் கண்டிருக்கிறேன். தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று எண்ணிப் பதில் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தவர்களும் உண்டு. அவர்களுக்குச் சாதாரணத் தொலைபேசியே சிறந்தது. தலையணை அருகே வைத்து ஒலிபெருக்கியில் விட்டால், குரல் மட்டும் கேட்கும்போது பலர் தெளிவாகப் பதில் சொல்கிறார்கள். மகளின் குரலைப் பதிவு செய்து வைத்துக் குளிக்கும் நேரத்தில் போட்டுக் காட்டியதும் சிலரிடம் நல்ல பலன் தந்தது, வேறு சிலர் "பிள்ளை எங்கை? ஏன் உள்ளுக்கு வரேல்லை?" என்று கலங்கிப்போனார்கள். ஒருமுறை பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். அழைப்பு எதுவாயினும், அது முடிந்த கணத்தில் எழுந்து போய்விடக்கூடாது. ஒரு தேநீரோ கைக்குத் தைலம் தேய்த்துவிடுவதோ தொடர்ந்து வர வேண்டும்.

சன்னல் வழியாகச் சந்திப்பது படங்களில் அழகாக இருந்தது. நடைமுறையில் அது கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கே கிடைத்தது. மேல்மாடியில் இருப்பவர் வாகனத் தரிப்பிடத்தில் நின்று கையசைக்கும் உருவத்தை இன்னார் என்று அறிவதற்குள் களைத்துவிடுவார். மறதிநோய் உள்ளவர்களுக்கோ, கண்ணாடிக்கு அப்பால் பனியில் நிற்கும் பிள்ளையை யாரும் உள்ளே விடவில்லை என்பது தாங்க முடியாத துயரம். எனினும், தெளிவாக இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். வெயில் கண்ணாடியில் தெறிக்காத நேரத்தைப் பார்த்து, இரு பக்கமும் தொலைபேசியை இணைத்துக்கொண்டு, நேரத்தைச் சுருக்கமாக வைத்துக்கொண்டால் நன்றாக நடக்கும்.

இவையெல்லாம் மாற்று வழிகள்தாம். உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது, 2020 செப்டம்பரில் ஒன்ராறியோ தெளிவாக வகுத்த அத்தியாவசியப் பராமரிப்பாளர் ஏற்பாடு. முதியவர் ஒவ்வொருவருக்கும் இருவர்வரை பெயர் குறித்துப் பதிய அப்போது அனுமதிக்கப்பட்டது. அவர்கள் உரிய பாதுகாப்போடு, பரவல் காலத்திலும் உள்ளே வரலாம். விருந்தாளியாக வருபவரையும், உணவூட்டி, நடத்தி, ஆற்றி, நோயாளியின் முகம் மாறுவதைத் தாதிக்கு முன்பே கவனிக்கும் மகளையும் ஒரே வகையில் வைத்து வெளியே நிறுத்தியது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. நெதர்லாந்தில் 2020 மே 11 இலேயே 26 இல்லங்களில் கட்டுப்பாடுகளோடு உறவினரை உள்ளே விட்டுப் பரீட்சித்துப் பார்த்தார்கள். நாங்கள் கோடை முழுவதையும் கழித்த பின்னரே அந்த இடத்துக்கு வந்தோம் என்பது என் மனக்குறை. 2022 ஏப்ரல் 11 இல் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோவின் புதிய பராமரிப்பு இல்லச் சட்டத்தில், தம் பராமரிப்பாளர்களிடமிருந்து தொடர்ச்சியாகவும் பாதுகாப்பாகவும் ஆதரவு பெறும் உரிமை முதியவர்களின் உரிமைப் பட்டயத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளது. வாசலில் தடுக்கப்படும் குடும்பங்கள் அந்த வரியை அறிந்து வைத்திருப்பது நல்லது. குரலை உயர்த்தாமலே பேச அது உதவும்.

யாரைப் பதிவது என்பதில் எங்கள் சமூகத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பெயர் கேட்டால் மரியாதைக்காக மூத்த மகனின் பெயரைக் கொடுப்பார்கள். அவர் மாதத்தில் ஒருமுறை, ஞாயிறு மத்தியானம், பழங்களோடு வருபவராக இருக்கலாம். நாளாந்தம் வேலை முடிந்து பேருந்து பிடித்து வந்து இடியப்பத்தைப் பிசைந்து ஊட்டிவிடுபவர் இளைய மகளாகவோ, மருமகளாகவோ, சில வேளைகளில் உறவே இல்லாத பழைய அயல்வீட்டுக்காரியாகவோ இருப்பார். பரவல் வந்ததும் பட்டியலில் பெயர் இல்லாத அந்தப் பெண் வாசலோடு நிற்க, பெயர் உள்ளவர் கடமைக்கு ஒருமுறை வந்துபோவார். முதியவரிடமே கேட்கக்கூடிய நிலை இருந்தால் அவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் யார் வந்த நாளில் அவர் நன்றாகச் சாப்பிட்டார் என்று பி.எஸ்.டபிள்யூ.விடம் கேளுங்கள். இன்னொன்று, பதியப்படுபவர்கள் ஒரே வீட்டில் வசிப்பவர்களாக இருந்தால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தவுடன் மற்றவராலும் வர முடியாமற்போகலாம். வெவ்வேறு வீட்டிலிருந்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்வது பாதுகாப்பானது.

பதிந்தால் மட்டும் போதாது. பாதுகாப்பு உடையை அணியவும், முக்கியமாகக் கழற்றவும் அவர்களுக்கு அமைதியான காலத்திலேயே கற்றுக்கொடுக்க வேண்டும். அணியும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். களைத்து வெளியே வந்து கழற்றும்போதுதான் கிருமி கைக்கு வருகிறது. முதலில் கையுறை, பிறகு மேலங்கி, கைகளைச் சுத்தம் செய்தல், பிறகு கண்காப்பு, முகக்கவசம், மறுபடி கைகளைச் சுத்தம் செய்தல் என்ற ஒழுங்கை ஆங்கிலத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போகாமல், தமிழில் சொல்லி, கண்முன்னே செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தோம். அறுபது வயதைக் கடந்த மகள்மார் எங்களைவிட ஒழுங்காகச் செய்தார்கள். வயிற்றோட்டமும் வாந்தியும் தரும் நோரோ வைரஸ் வந்தால் அற்ககோல் கலந்த கைத்திரவம் போதாது, சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து அடுத்த கட்டிலில் இருப்பவருக்கும் பகிரும் நம்மவர் பழக்கத்தைச் சற்று நிறுத்திவைக்கவும் வேண்டும்.

இனி, இல்லத்தின் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல விரும்புவது. பரவல் தொடங்கியதும் செயற்பாட்டுப் பிரிவினரை வாசலில் வெப்பநிலை பார்க்கவும், சாப்பாட்டுத் தட்டுகளைக் காவவும் அனுப்பிவிடுவது வழக்கம். ஆட்கள் போதாதபோது அது தவிர்க்க முடியாததாகத் தோன்றும். ஆனால் எல்லோரையும் அனுப்பிவிட்டால், அறைக்குள் இருப்பவரிடம் மருந்து, உணவு, சுத்தம் ஆகிய மூன்றும் தவிர வேறு எதற்காகவும் யாரும் போகமாட்டார்கள். நான் கண்ட பரவல்களில் முதியவர்கள் ஓரளவு நன்றாகத் தாங்கிக்கொண்டவை எவை என்று யோசித்தால், பணி அட்டவணையில் இன்ன நேரம், இன்ன அறைகள், இன்ன ஆள் என்று பேச்சுத்துணைக்கும் ஒரு வரி எழுதப்பட்டிருந்த பரவல்களே நினைவுக்கு வருகின்றன. நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இடங்களில் அந்த நேரம் யாருக்கும் கிடைக்கவில்லை. அறைக்குப் பத்து நிமிடம் போதும். உடையை ஒவ்வோர் அறைக்கும் மாற்ற வேண்டியிருப்பதால், நோயில்லாதவர்களை முதலிலும் நோயுள்ளவர்களைக் கடைசியிலும் பார்க்கும்படி வரிசைப்படுத்தினால் நேரமும் உடையும் மிச்சமாகும். ஆட்களைத் தளத்துக்குத் தளம் மாற்றாமல் ஒரே தளத்தில் வைத்திருப்பது தொற்றுத்தடுப்புக்கும் நல்லது, பழகிய முகம் என்ற வகையிலும் நல்லது; இரண்டு நோக்கங்களும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் ஒரே திசையில் போகும் அரிய இடங்களில் இது ஒன்று.

அறிகுறி இல்லாதவர்களை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நடைபாதையின் நடுவில் நின்று பிங்கோ எண்களைக் கூப்பிடுவது, கைகால்களை அசைக்கும் பயிற்சியை அப்படியே நடத்துவது ஆகியவை பொதுச் சுகாதாரப் பிரிவின் அனுமதியோடு செய்யக்கூடியவை. ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பெட்டி முன்கூட்டியே இருந்தால் இன்னும் இலகு. அதில் துடைத்தெடுக்கக்கூடிய வகையில் பிளாஸ்டிக் உறையிட்ட குடும்பப் படங்கள், பெரிய எழுத்தில் அச்சிட்ட தேவாரத் தாள்கள் அல்லது செபமாலை, ஒரு சிறிய வானொலி, சித்தாலேப தைல டப்பா, மடிப்பதற்கு இரண்டு துவாய்கள் இருக்கலாம். துவாய் மடிப்பது கேலிக்குரியதாகத் தோன்றலாம்; வாழ்நாள் முழுதும் வீட்டை நடத்திய ஒருவருக்கு அது தொலைக்காட்சியைவிட நல்ல துணை. ரொறன்ரோவின் தமிழ் வானொலிகள் ஒலிக்கும் அறைக்குள் போனால் முதியவரிடம் கதைக்க ஒரு பொருளாவது கிடைக்கும். நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் ஆங்கிலச் செய்தி அலைவரிசையோ பயத்தை மட்டுமே கூட்டுகிறது; அதை நிறுத்த யாருக்கும் தோன்றுவதில்லை.

குடும்பத் தொடர்பைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மேசைத் தோழமையைப் பற்றி எவரும் பேசவில்லை. எங்கள் சாப்பாட்டு அறையில் ஒரு தமிழ் ஆச்சியும் ஜமெய்க்காவைச் சேர்ந்த ஒரு மூதாட்டியும் ஆண்டுக்கணக்காக அருகருகே இருந்தார்கள். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. ஒருவர் தன் பாணுக்குப் பூசிய ஜாமை மற்றவருக்குத் தள்ளுவார். மற்றவர் இவருடைய சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிடுவார். தளம் மூடப்பட்டபோது ஆச்சியின் பிள்ளைகளுக்கு நாங்கள் ஒழுங்காக அழைப்பெடுத்தோம், ஆனால் அவர் கேட்டதெல்லாம் "அந்த மனுசி சாப்பிட்டாவோ?" என்பதுதான். ஒருவருடைய படத்தை மற்றவர் அறையில் வைத்து, காலையில் ஒருவரிடமிருந்து ஒரு வாழ்த்தை எடுத்துப்போய் மற்றவரிடம் சேர்த்து, இருவரும் நோயின்றி இருந்த நாட்களில் ஒருவரை ஒருவர் வாசலிலிருந்து பார்க்கும்படி நாற்காலிகளைத் திருப்பிவைத்தோம். பராமரிப்புத் திட்டத்தில் நெருங்கிய உறவினர் என்ற இடம் இருப்பதுபோல், இல்லத்துக்குள் யாரோடு நெருக்கம் என்று எழுதவும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து கூட்டங்களில் கேட்டுவருகிறேன். தனிமையை விரும்புபவர்களும் உண்டு என்பதையும் அதே இடத்தில் எழுத வேண்டும். யாரும் வராத நாளை நிம்மதியாக வாசித்துக் கழிப்பவரை உற்சாகப்படுத்துகிறோம் என்று தொந்தரவு செய்யத் தேவையில்லை.

மரணத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கதவுகள் இறுக மூடியிருந்த காலத்திலும் மரணத் தறுவாயில் உறவினர் வரலாம் என்ற விதி இருந்தது. ஆனால் அந்தத் தறுவாய் எப்போது என்று தீர்மானிப்பது தாமதமானதால், நினைவு தப்பிய பிறகு வந்து சேர்ந்தவர்களே அதிகம். ஆகவே, முதியவர் உண்பதையும் குடிப்பதையும் குறைக்கத் தொடங்கியதுமே "இப்போது வரலாமா?" என்று குடும்பத்தினர் தாங்களாகவே கேட்க வேண்டும், நேரடியாகக் கேட்பதை யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் தேவாரம் பாட, அதைக் காதருகே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். கையுறை போட்ட கையாலும் கையைப் பிடிக்கலாம். இறந்த பிறகு, பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கு அதை மறைப்பது பழைய வழக்கம்; கட்டில் வெறுமையானதை அவர்கள் எப்படியும் அறிந்துகொள்கிறார்கள், தமக்கும் இப்படித்தான் நடக்கும் என்ற எண்ணம் அவர்களுக்கு அந்த மறைப்பிலிருந்தே வருகிறது. பெயரைச் சொல்லி, ஒவ்வோர் அறையிலும் ஒரு நிமிடம் நின்று அறிவிப்பது நல்லது.

பரவல் முடிந்தது என்று அறிவிக்கப்பட்ட நாளில் எல்லோரும் மகிழ்ந்து வெளியே வருவார்கள் என்று எதிர்பார்க்கக்கூடாது. சிலர் அறையை விட்டு வர மறுப்பார்கள். நடைபாதையின் சத்தமே அவர்களுக்கு அதிகமாக இருக்கும். முதல் சில நாட்கள் சாப்பாட்டு அறையில் இருவர் மட்டும் இருக்கும் மேசைகளாகப் போட்டு, பழைய தோழமைகளை முதலில் சேர்த்துவைத்து, நடை குறைந்தவர்களை உடலியக்கச் சிகிச்சையாளரிடம் காட்டி, எடையைப் பார்த்துப் பதிய வேண்டும். அந்த வாரத்திலேயே, பரவல் காலத்தில் யாருக்கு எத்தனை அழைப்புகள் வந்தன, யாருடைய அறைக்குப் பேச்சுத்துணைக்காக ஆள் போனது என்ற பதிவை எடுத்துப் பார்த்தால், சில பெயர்களுக்கு எதிரே ஒன்றுமே இருக்காது. பிள்ளைகள் இல்லாதவர்கள், பிள்ளைகளோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், தொலைபேசி இலக்கம் மாறிப்போனவர்கள் அவர்கள். ஒக்டோபர் அளவில் காய்ச்சல் தடுப்பூசிக்கான சம்மதத்துக்காகக் குடும்பங்களை எப்படியும் அழைக்கிறோம். அந்த அழைப்பிலேயே பராமரிப்பாளர் பெயர்களையும், தொலைபேசி இலக்கங்களையும், பேச விரும்பும் நேரத்தையும், மொழியையும் புதுப்பித்துக்கொள்ளலாம். குடும்பம் இல்லாதவர்களுக்குக் கோயில், தேவாலயம், முதியோர் சங்கம் ஆகியவற்றிலிருந்து ஒரு தொண்டரைத் தேடிப்பிடித்து, குளிர்காலம் தொடங்குவதற்கு முன் அவரை ஓரிரு முறை நேரில் வரச் சொல்லி முகம் பழக்கி வைக்கிறோம். நேரில் ஒருமுறையாவது கண்ட குரல் என்றால் தொலைபேசியில் கேட்கும்போது அவர்கள் பேசுகிறார்கள்.